வாசித்து ஏற்கப்படாத குறிப்பு

பூதப்பாண்டி
4 ஆகஸ்ட் 2023

மதிப்பிற்குரிய தோழர் குளோரிபாய் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வாழ்க்கை வரலாற்றின் ஆறாவது அத்தியாயத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். முதல் ஐந்தையும் ஒரு திருத்தமும் சொல்லாமல் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். நன்றாக இருக்கிறது என்று அர்த்தமா, படிக்கவில்லை என்று அர்த்தமா என்று எனக்கு விளங்கவில்லை. இதைக் கேட்கலாமா கூடாதா என்றே இரண்டு நாள் யோசித்தேன்.

போனில் பேசி முடித்துவிடுங்கள் என்று விழா மலர்க் குழுவின் ஒருங்கிணைப்பாளர் ஸ்ரீஜித் சொன்னார். உங்களுக்குக் காது கேட்காது. எனக்கு எதிரில் ஆள் இல்லாமல் பேச வராது. முப்பத்து மூன்று வருடம் வகுப்பில் வரலாறு நடத்தியவனுக்கு இப்படி ஒரு குறை. ஆகவே கடிதம்.

சில ஐயங்கள். பள்ளிப் பதிவில் நீங்கள் பிறந்த வருடம் 1940, கட்சி உறுப்பினர் படிவத்தில் 1941. எதை வைத்துக்கொள்ளலாம்? அருமனை முந்திரி ஆலைக்கு முதல் முதலாக வேலைக்குப் போன வயதைக் கேட்டதற்கு, "பல்லு விழுந்து முளைச்ச வயசு" என்றீர்கள். அதைப் பத்து என்று எழுதியிருக்கிறேன், கூடுதலோ குறைவோ தெரியவில்லை. பாளையங்கோட்டைச் சிறையில் இருந்தது உங்கள் கணக்கில் எழுபத்தொரு நாள், என் கணக்கில் அறுபத்தெட்டு. பிறகு, நீங்கள் மூன்று முறை சட்டமன்றத்துக்கு நின்றதைப் பற்றி 'தோற்றார்' என்று எழுதியிருந்தேன். 'வெற்றி வாய்ப்பை இழந்தார்' என்று மாற்றும்படி குழு சொல்கிறது. உங்கள் விருப்பம் எது?

ஆறாவது அத்தியாயத்தின் கடைசி வரியைச் சற்றுக் கவனித்துப் படிக்க வேண்டுகிறேன். '1983 அக்டோபர் முதல் ஓராண்டு காலம் உடல்நலக் குறைவு காரணமாகக் கட்சிப் பணிகளிலிருந்து ஓய்வெடுத்தார்.' இது குழுவின் வரி. என்னுடையதல்ல. ஆனால் என் கையெழுத்தில்தான் இருக்கிறது.

நம் தொழிற்சங்கத்தின் அறுபதாம் ஆண்டு விழா நவம்பரில். அன்று புத்தகம் வெளிவர வேண்டுமென்றால் இணைத்துள்ள ஒப்புதல் தாளில் உங்கள் கையெழுத்து தேவை.

தோழமையுடன்,
பகவதிப்பெருமாள்

●

அருமனை
11.8.23

பெருமாள் சாருக்கு,

ஐந்து அத்தியாயமும் படித்தேன். திருத்தம் சொல்லாததற்குக் காரணம், அதில் வருகிற பெண் யாரென்று எனக்குத் தெரியாது. நல்லவளாக இருக்கிறாள், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். ஆறாவதில் அவளுக்கு உடம்பு சரியில்லாமல் போனதும்தான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தேன்.

குவைத்தில் நர்சாக இருந்து திரும்பி வந்த என் தங்கச்சி மகள் ஜெனிலா என்னோடுதான் இருக்கிறாள். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "எம்பத்து மூணுல ஒங்களுக்கு என்ன சொகக்கேடு பெரியம்மா?" என்று கேட்டாள். நர்சு அல்லவா, நோயின் பெயர் வேண்டும். "கட்சியில இடைநீக்கம்னு ஒரு நோயி மக்கா. கை தூக்கினா பரவும்" என்றேன்.

உங்களுக்குத் தெரியாதது இல்லை. ஆனாலும் எழுதுகிறேன், இதை அப்படியே அத்தியாயத்தில் ஒட்டுங்கள்.

நீங்கள் முந்திரி ஆலை என்று எழுதுகிற அண்டி ஆபீஸில் வேலை முடிந்து வெளியே வருகிறபோது, முந்திரிப் பருப்பை மறைத்து எடுத்துப் போகிறோமா என்று முந்தானையை உதறிக் காட்டச் சொல்வான் மேனேஜர். நின்று பார்ப்பான். ஒரு நாள் தாசம்மாளிடம் இன்னும் ஒன்றை உதறச் சொன்னான். ஓடு உடைத்துக் கறுத்த கையால் அவன் கன்னத்தில் அவள் ஒன்று வைத்தாள். கறை ஒரு வாரம் போகவில்லை. அவளையும், அவளோடு நின்ற பத்துப் பேரையும் வெளியே தள்ளினார்கள். நானூறு பேர் வேலையை நிறுத்தினோம். அறுபத்திரண்டு நாள். அப்புறம் கட்சி உட்கார்ந்து பேசி ஒரு ஒப்பந்தம் கொண்டுவந்தது. இனி சோதனைக்குப் பெண் நிற்பாள், போனஸ் உண்டு, எல்லாரும் உள்ளே போகலாம், அந்தப் பதினொரு பேரைத் தவிர.

நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். அதற்குத்தான் இடைநீக்கம். அந்த வருஷம்தான் எனக்கு உடம்பு நன்றாக இருந்தது. பதினொரு பேரோடு கேட் வாசலில் நாற்பத்து மூன்று நாள் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்தேன். ஒரு தும்மல் இல்லை. கட்சி கைவிட்ட பதினொரு பேரும் உள்ளே போனார்கள். என் வாழ்க்கையில் நான் ஜெயித்தது அது ஒன்றுதான். அதை ஓய்வு என்கிறீர்கள்.

தேர்தலில் தோற்றேன் என்றே எழுதுங்கள். வாய்ப்பை இழக்க நான் என்ன லாட்டரிச் சீட்டா எடுத்தேன்?

ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போடவில்லை. ஜெனிலா அதில் பால்காரனுக்குக் கணக்கு எழுதிவிட்டாள்.

குளோரிபாய்

●

பூதப்பாண்டி
22 ஆகஸ்ட் 2023

மதிப்பிற்குரிய தோழர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைக் குழுவில் வைத்தேன். வாசிக்கவில்லை, வைத்தேன். ஸ்ரீஜித் வாங்கிப் பார்த்துவிட்டு, பழைய புண்ணைக் கிண்டினால் விழாவுக்குப் பத்திரிகைக்காரர்கள் அதைத்தான் கேட்பார்கள் என்று சொன்னார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. செப்டம்பர் பத்தாம் தேதி கூடி முடிவெடுக்கலாம் என்று தள்ளி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்காக.

1983 அக்டோபர் 16, ஞாயிற்றுக்கிழமை. வட்டக் குழுக் கூட்டம். நடவடிக்கைக் குறிப்பு எழுதியவன் நான். உங்களை வெளியே இருக்கச் சொன்னார்கள். நீங்கள் அயினி மரத்தடியில் நின்றது எனக்கு ஜன்னல் வழியாகத் தெரிந்தது. தலைமை வகித்த தோழர் டைட்டஸ் இப்போது இல்லை. அவர், "ஆதரிக்கவங்க கை தூக்கலாம்" என்றார். ஆறு கைகள் உயர்ந்தன. என் கை உயரவில்லை. அதில் பேனா இருந்தது. டைட்டஸ் என்னைப் பார்த்தார். "சார் எழுதுகாரு. அவருக்கும் சேத்து ஏழு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். பிறகு எழுதினேன்: 'தோழர் குளோரிபாய் அவர்களை ஓராண்டு இடைநீக்கம் செய்ய ஏகமனதாக முடிவு செய்யப்பட்டது.'

இதை நாற்பது ஆண்டுகளில் யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவியிடமும் சொல்லவில்லை.

போன வாரம் சங்க அலுவலகத்து அலமாரியில் அந்த நோட்டைத் தேடி எடுத்தேன். அப்போது ஒன்றைக் கவனித்தேன். நம் முறை உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு கூட்டமும் முந்தைய கூட்டத்தின் குறிப்பை வாசித்துத்தான் தொடங்கும். யாருக்காவது திருத்தம் இருந்தால் அங்கேயே சொல்ல வேண்டும். பிறகு 'வாசித்து ஏற்கப்பட்டது' என்று எழுதித் தலைவர் கையெழுத்திடுவார். அடுத்த கூட்டம் நவம்பர் 6. அன்று காலையில்தான் பனையிலிருந்து விழுந்து ஒரு தோழர் இறந்தார். இரங்கல் தீர்மானத்தோடு கலைந்தோம். அதற்கு அடுத்த கூட்டத்தில் நவம்பர் 6 குறிப்பை வாசித்தேன். அக்டோபர் 16 குறிப்பை யாரும் வாசிக்கவே இல்லை. அதன் கீழே தலைவரின் கையெழுத்து கிடையாது. நாற்பது ஆண்டுகளாக அது வெறும் என் கையெழுத்து மட்டும்தான்.

மறந்துபோய் விட்டேனா, மறக்க விரும்பினேனா என்று எனக்கு உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இன்னொன்று. இதை எழுதத் தயக்கமாக இருக்கிறது. அதே அலமாரியில் ஆலையின் டிசம்பர் மாத வருகைப் பதிவேட்டின் நகல் இருக்கிறது. நீங்கள் சொன்ன பதினொரு பேரில் பத்துப் பெயர்தான் அதில் காணப்படுகிறது. தாசம்மாளின் பெயர் இல்லை. நான் சரியாகப் பார்க்காமல் இருந்திருக்கலாம். மூன்று தடவை பார்த்தேன். அடுத்தடுத்த மாதங்களையும் பார்த்தேன்.

தோழமையுடன்,
பகவதிப்பெருமாள்

●

அருமனை
30.8.23

பெருமாள் சார்,

தூக்காத ஒரு கையை நாற்பது வருஷம் பத்திரமாக வைத்திருந்து இப்போது எனக்குக் காணிக்கை அனுப்புகிறீர்கள். அதை வைத்து நான் என்ன செய்ய?

தூக்கின ஆறு பேரும் தங்கள் மனசில் உள்ளதைச் செய்தார்கள். டைட்டஸ் அடுத்த நாளே என் வீட்டுக்கு வந்தார். "நான்தான் ஒன்ன வெளிய அனுப்புனேன், ஏசணும்னா ஏசு" என்றார். ஏசினேன். ஒரு மணிக்கூர் ஏசினேன். சாயா குடித்துவிட்டுப் போனார். சாகிற வரை எங்களுக்குள் பேச்சுவார்த்தை உண்டு. நீங்கள் வந்தீர்களா? பஸ்ஸில் என்னைப் பார்த்தால் பின்வாசல் வழியாக இறங்கிப் போவீர்கள். கூச்ச சுபாவம் என்று நினைத்தேன்.

நான் மரத்தடியில் நின்றபோது ஏழு பேரில் ஒருத்தராவது 'இல்லை' என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லப்போனால் உங்களைத்தான் நினைத்தேன். படித்தவர், சட்டதிட்டம் தெரிந்தவர், ஒரு வார்த்தை கேட்பார் என்று. வெளியே வந்து நீங்கள் சைக்கிளைத் துடைத்தீர்கள். அது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

பதினொன்றா பத்தா என்று எண்ண வந்திருக்கிறீர்கள். பதினொன்று. குலசேகரம், மார்த்தாண்டம், கொட்டாரம் என்று மேடை மேடையாக நான் சொன்ன எண் அது. பெண்கள் அதைக் கேட்டுத்தான் சங்கத்துக்கு வந்தார்கள். பதிவேடு முதலாளி எழுதியது. முதலாளி எழுதியதை நம்புவீர்கள், நான் சொல்வதை நம்ப மாட்டீர்களா? உடம்பு சரியில்லை என்று எழுதின குழுவுக்கும் உங்களுக்கும் அப்புறம் என்ன வித்தியாசம்?

பதினொன்று என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் புத்தகமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்.

குளோரிபாய்

●

பூதப்பாண்டி
12 செப்டம்பர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் உங்களை அக்கா என்றுதான் அழைக்கிறார்கள். நான் மட்டும் அழைத்ததில்லை. அதற்கு எனக்குத் தகுதி இருக்கிறதா என்ற சந்தேகம் இன்னும் தீரவில்லை. அழைத்துவிட்டேன்.

சைக்கிளைத் துடைத்தது உண்மை. துடைக்க அதில் ஒன்றும் இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மலர்க் குழு கூடியது. ஏழு பேர். குறிப்பு எழுதும் வேலை வழக்கம்போல எனக்கு. ஸ்ரீஜித் தீர்மானத்தை முன்வைத்தார்: 'ஆறாவது அத்தியாயம் உடல்நலக் குறைவு என்ற வரியோடு இப்போதுள்ளபடியே அச்சுக்குப் போகலாம்.' நான் பேச ஒரு தாளில் ஐந்து குறிப்புகள் எழுதி வைத்திருந்தேன். எழுந்தேன். முதல் குறிப்பைச் சொன்னேன். 1983 அக்டோபர் 16 கூட்டத்தின் குறிப்பு இன்றுவரை வாசித்து ஏற்கப்படவில்லை, ஆகவே அந்த முடிவே முறைப்படி நிலுவையில் இருக்கிறது என்று. யாரோ, "சாரே, அந்தக் கமிட்டியில ஒங்களத் தவிர ஆருமே உயிரோட இல்லியே, ஆரு ஏக்கது?" என்று கேட்டார். சிரிப்பு எழுந்தது. மற்ற நான்கு குறிப்புகளும் எனக்கு மறந்துபோயின. தாள் கையில்தான் இருந்தது. எழுத்து தெரியவில்லை.

"ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம்" என்றார் ஸ்ரீஜித். நான் பேனாவை மேசையில் வைத்தேன். மூடியைப் போட்டு வைத்தேன். பிறகு கையைத் தூக்கினேன். அப்போது தூக்காவிட்டால் அப்புறம் தூக்கவே மாட்டேன் என்ற பயம். ஸ்ரீஜித் திகைத்துப் பார்த்தார். "ஆதரவு கேக்கம்போ எதுக்கு சார் தூக்குதீங்க? எதிர்ப்பு இன்னும் கேக்கலியே." எனக்குத் தெரியும் என்றேன். இறக்குங்கள் என்றார்கள். இறக்கினால் மறுபடி ஏறாது என்று சொல்லிவிட்டேன். அப்படியே வைத்திருந்தேன். எதிர்ப்புக் கேட்கிற வரை ஒரு நிமிடம் ஆகியிருக்கலாம். தோள் வலித்தது.

பிறகு எனக்கு எதிரே இருந்த பெமிலாவும் கை தூக்கினார். குளச்சல் பக்கத்து மீன் விற்கும் பெண்கள் சங்கத்தில் இருப்பவர், நீங்கள் பார்த்ததில்லை. "சாருக்கு கை நோவுது. நானும் கொஞ்சம் பிடிச்சிக்கிடுதேன்" என்றார்.

ஐந்துக்கு இரண்டு. தீர்மானம் நிறைவேறியது. குறிப்பில் நானே எழுதினேன், 'ஆதரவு ஐந்து, எதிர்ப்பு இரண்டு' என்று. 'பெரும்பான்மை' என்று மட்டும் எழுதினால் போதும் என்றார்கள். இல்லை, எண் இருக்க வேண்டும் என்றேன். அங்கேயே உரக்க வாசித்து ஸ்ரீஜித்திடம் கையெழுத்தும் வாங்கினேன். பிறகு என் கைப்பிரதியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அது என் உழைப்பு, உங்கள் ஒப்புதல் இல்லாத புத்தகத்துக்குத் தர முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர்கள் படங்களோடு ஒரு மலர் மட்டும் போடுவதாக இருக்கிறார்கள். பஸ் நிறுத்தத்தில் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினேன்.

இனி, உங்கள் கடைசிப் பத்திக்கு வருகிறேன்.

பதினொன்று என்று என்னால் எழுத முடியாது, அக்கா. பதிவேடு முதலாளியுடையதுதான். ஆனால் இல்லாத தொழிலாளியின் பெயரை அவன் விடுவான், இருக்கிற தொழிலாளியின் பெயரை விட மாட்டான். வேலை வாங்க வேண்டுமே. ஐந்து பேருக்கு எதிராகத் தூக்கிய கையால் உங்களுக்குப் பயந்து பொய் எழுதினால், அன்று மேசையில் பேனாவை வைத்ததில் அர்த்தமில்லை. புத்தகம் வராமல் போகட்டும். பத்து என்றால் பத்து.

இதை நான்கு முறை எழுதி, மென்மையாக ஏதாவது செய்ய முடியுமா என்று பார்த்தேன். முடியவில்லை.

பகவதிப்பெருமாள்

●

அருமனை
2.10.23

பெருமாள் சாருக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றைக்கு அதைக் கிழித்துப் போடலாம் என்று எடுத்தேன். ஜெனிலா பிடுங்கி வைத்துக்கொண்டாள். தினமும் எடுத்து ஒரு பக்கம் எனக்கு வாசித்தாள், காதுக்குள் கத்தி. அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் இப்போது உங்கள் கை வலி தெரியும்.

மூன்று வாரம் பதில் எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லாமல் அல்ல.

நாற்பத்து மூன்றாவது நாள் முதலாளி ஆள் அனுப்பினான். பத்துப் பேரை எடுக்கிறேன், அடித்தவளை எடுக்க மாட்டேன் என்றான். பத்துப் பேர் வீட்டிலும் அடுப்பு எரிந்து நாளாகியிருந்தது. ஞானம்மாளின் சின்னக் குழந்தை காய்ச்சலில் கிடந்தது. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். தாசம்மாளும் பார்த்தாள். நான் சரி என்றேன். முதலில் இவர்கள் போகட்டும், உனக்கு அடுத்த மாசம் பேசுவோம் என்று அவளிடம் சொன்னேன். பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போனேன். அடுத்த மாசம் பேசினேன். அதற்கடுத்த மாசமும் பேசினேன். அப்புறம் வேறு போராட்டம் வந்தது, தேர்தல் வந்தது. மேடையில் ஒரு நாள் வாய் தவறிப் பதினொன்று என்று வந்தது. கைதட்டினார்கள். அதற்குப் பிறகு பத்து என்று சொல்ல வரவில்லை.

கட்சி பதினொரு பேரை வெளியே விட்டது. நான் ஒருத்தியை விட்டேன். கூடுதலும் குறைவும்தான் வித்தியாசம்.

போன வியாழக்கிழமை ஆட்டோ பிடித்து மஞ்சாலுமூட்டுக்குப் போனேன். தாசம்மாள் ரப்பர் பால் எடுக்கப் போய் முப்பது வருஷம் வாழ்ந்திருக்கிறாள். கைக்கறை போகவில்லை, மேலே வேறு கறை ஏறியிருக்கிறது. என்னை இருக்கச் சொன்னாள். கட்டன்சாயா தந்தாள். அவள் இருக்கவில்லை. நான் குடித்து முடிக்கிற வரை நின்றுகொண்டே இருந்தாள். ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை.

நீங்கள் சொன்ன அந்தக் குறிப்பை யார் வாசித்து யார் ஏற்பது என்று சிரித்தார்களாம். அந்தக் கமிட்டியில் எல்லாரும் செத்துப்போனார்கள் என்றார்களாம். அந்த முடிவு யாரைப் பற்றியது? பதினொரு பேரைப் பற்றியது. அதில் ஐந்து பேர் உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் வாசியுங்கள்.

அக்டோபர் 15, ஞாயிறு, காலை பத்து மணி. அண்டி ஆபீஸ் வாசல். இப்போது அது கல்யாண மண்டபம். புரட்டாசியில் கல்யாணம் கிடையாது, கேட் பூட்டிக் கிடக்கும். பூட்டின கேட் நமக்குப் பழக்கம்தான். தாசம்மாளும் வருகிறேன் என்றாள். எதற்கு வருகிறாள் என்று சொல்லவில்லை.

யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். நோட்டைக் கொண்டுவாருங்கள். எழுதியவர்தான் வாசிக்க வேண்டும், அதுதானே முறை?

குளோரிபாய்

●

பூதப்பாண்டி
17 அக்டோபர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் குறிப்பைச் செம்பிரதி எடுத்து அனுப்பியிருக்கிறேன். மழையில் மை கலங்கிய இடங்களை நினைவிலிருந்து நிரப்பியிருக்கிறேன். பிழை இருந்தால் சொல்லுங்கள். நோட்டைக் கேட்டு சங்க அலுவலகத்திலிருந்து இரண்டு தடவை போன் வந்தது. வேலை முடிந்ததும் தருவேன் என்று சொல்லியிருக்கிறேன். போனில்தான் சொன்னேன்.

பகவதிப்பெருமாள்

நடவடிக்கைக் குறிப்பு

இடம்: அருமனை, பழைய முந்திரி ஆலை வாயில். நாள்: 15.10.2023. தலைமை: தோழர் குளோரிபாய். உடல்நலக் குறைவு காரணமாக நாற்காலியில் அமர்ந்தபடி தலைமை வகித்தார்.

வந்திருந்தோர்: ஞானம்மாள், சரோஜம், ரத்தினபாய், லில்லி, தாசம்மாள். பார்வையாளர்களாக ஜெனிலா, பெமிலா. மறைந்த ஆறு பேரின் பெயர்களும் வாசிக்கப்பட்டன. ஒவ்வொரு பெயருக்கும் ரத்தினபாய் 'உண்டு' என்று பதில் சொன்னார்.

1983 அக்டோபர் 16 கூட்டத்தின் குறிப்பை, அதை எழுதிய பகவதிப்பெருமாள் வாசித்தார். ஒரு திருத்தம் முன்மொழிந்தார்: 'ஏகமனதாக' என்பதை நீக்கி, 'ஆறு பேர் ஆதரித்தனர், குறிப்பு எழுதியவர் எதிர்த்திருக்க வேண்டும், வாய் திறக்கவில்லை' என்று சேர்க்க வேண்டும்.

ஏற்பது என்றால் அவர்கள் செய்தது சரி என்று ஒத்துக்கொள்வதா என்று லில்லி கேட்டார். இல்லை, இப்படித்தான் நடந்தது என்று ஒத்துக்கொள்வது மட்டும்தான் என்று விளக்கப்பட்டது. "நடந்தத நடந்ததுன்னு எழுதுததுக்கு நாப்பது வருசமா சாரே?" என்று சரோஜம் கேட்டார்.

திருத்தத்தோடு குறிப்பை ஏற்க நான்கு கைகள் உயர்ந்தன. தாசம்மாள் கை தூக்கவில்லை. காரணம் கேட்கப்பட்டது. தான் சொல்வதைச் சொன்னபடியே எழுத வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டதால் அவ்வாறே எழுதப்படுகிறது:

"கட்சி கை தூக்குனது எனக்கு ஒரு நோவும் இல்ல. அவிய ஆரு, நான் ஆரு. பத்துப் பேரும் உள்ள போனப்ப நான் இந்த கேட்டப் பிடிச்சிட்டு நின்னேன். நீ பாயச் சுருட்டிட்டு எந்திரிச்சுப் போன எக்கா. திரும்பிப் பாக்கல்ல. எம் பிள்ள ஏழாங்கிளாஸோட பள்ளிக்கூடத்த விட்டா. அது ஒங்க நோட்டுல எங்கயும் இல்ல. இல்லாத நோட்டுக்கு நான் எதுக்கு கை தூக்கணும்?"

மழை தொடங்கியது. மண்டபக் காவலாளி கேட்டைத் திறந்து உள்ளே வந்து நிற்கும்படி கூப்பிட்டார். தாசம்மாள், வேண்டாம் என்றார். எல்லாரும் வெளியிலேயே நின்றனர்.

பிறகு தலைவர் ஒரு தீர்மானம் முன்மொழிந்தார்: ஆறாவது அத்தியாயத்தில் பதினொரு பேரில் பத்துப் பேர் உள்ளே போனார்கள் என்றும், தாசம்மாளை வெளியே விட்டுவிட்டுக் குளோரிபாய் எழுந்து போனார் என்றும், நாற்பது ஆண்டுகள் மேடையில் பதினொன்று என்று சொன்னார் என்றும் எழுத வேண்டும். இடைநீக்கமும் முழுமையாக எழுதப்பட வேண்டும். எவர் தடுத்தாலும் இந்த அத்தியாயத்தோடு மட்டுமே புத்தகம் வர வேண்டும்.

"இதுக்கு தூக்குதேன்" என்றார் தாசம்மாள்.

ஐந்து கைகள். எண்ணப்பட்டன.

●

அருமனை
21.10.23

தம்பி பெருமாளுக்கு,

குறிப்பு கிடைத்தது. ஜெனிலா வாசித்தாள், அப்புறம் நானும் வாசித்தேன். ஏற்பதற்கு முன் ஒரு திருத்தம் உண்டு.

மறுபடியும் எனக்கு உடல்நலக் குறைவு என்று எழுதிவிட்டீர்கள். கைப்பழக்கம். போகட்டும், முட்டு வலியைச் சொன்னதாக வைத்துக்கொள்கிறேன். நான் நாற்காலியில் இருந்ததும் உண்மைதான், தாசம்மாள் வாய் திறக்கிற வரை.

அவள் பேசத் தொடங்கியபோது நான் எழுந்தேன். ஜெனிலா பிடிக்க வந்தாள், வேண்டாம் என்றேன். அவள் முடிக்கிற வரை நின்றேன். அதன்பிறகு மழையிலும் இருக்கவில்லை. தீர்மானத்தை நின்றுதான் சொன்னேன். நீங்கள் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தீர்கள், அதனால் பார்க்கவில்லை. எழுதுகிறபோது சில சமயம் நிமிர்ந்தும் பார்க்க வேண்டும், தம்பி.

ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். பின்பக்கம் பால் கணக்கு இருக்கும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். மார்த்தாண்டத்தில் அச்சகம் வைத்திருக்கிற ஸ்மைலினிடம் ஜெனிலா பேசிவிட்டாள். நவம்பரில் அவர்கள் மலர் வரட்டும். நம்முடையதும் வரும். முதல் பிரதியைத் தாசம்மாளின் மகள் வாங்கிக்கொள்வாள், ஏழாம் வகுப்பு வரை படித்தது போதும் அதை வாசிக்க.

யாராவது கேள்வி கேட்டால் என்னிடம் அனுப்புங்கள். எனக்குக் காது கேட்காது.

திருத்தத்தைச் சேர்த்துச் செம்பிரதி அனுப்புங்கள். 'அமர்ந்தபடி' என்பதை அடித்துவிட்டு, நின்றாள் என்று எழுதுங்கள்.

குளோரிபாய்